முறம் ஸ்டேடியம்

எங்கள் சாயல்பட்டணத்து ஸ்டேடியம் முதல் தடவையாகத் திரும்பிப் படுத்தது ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை. அன்றைக்கு ஊரில் அதைவிடப் பெரிய பேச்சு தண்ணீர் லாரி வராததுதான். முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து வாயைத் திறந்து வைத்திருந்த ஸ்டேடியம், விடிந்து பார்த்தால் மீன்கடைத் தெருவைப் பார்த்து வாயைத் திறந்து வைத்திருந்தது. ஒரு சுவர் இடியவில்லை, ஒரு சாக்கடை அடைபடவில்லை, ஒரு கரண்ட் கம்பி அறுந்து விழவில்லை, வெயில் ஏறினால் எருமை புரண்டு படுக்குமே, அந்த மாதிரி சத்தமில்லாமல் புரண்டு படுத்திருந்தது. மெயின் கேட்டுக்கு எதிரே இட்லிக்கடை போட்டிருந்த பூரணத்தாய்தான் முதலில் பார்த்தவள். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு நிமிர்ந்தால் கேட் இருந்த இடத்தில் கக்கூஸ் சுவர் நிற்கிறது. நேரே சேர்மன் வீட்டுக்குப் போய், இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் கேட்டை மாற்றினால் ஏழைபாழை எங்கே போய் வியாபாரம் பார்க்கிறது என்று சத்தம் போட்டாள், சேர்மனும் தூக்கக் கலக்கத்தில் அடுத்த கூட்டத்தில் பேசி ஆவன செய்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

நான் மைக்செட் நயினார். கல்யாணம், சடங்கு, கோவில் கொடை, மாதா கோவில் திருவிழா, கட்சிக் கூட்டம், காணாமல் போன ஆட்டுக்குட்டி, எதுவானாலும் இந்த ஊர் என் குரலில்தான் கேட்டாக வேண்டும். எதிர்க்கட்சிக்காரன் கூட்டத்துக்கும் நான்தான், அவனைத் திட்டுகிறவன் கூட்டத்துக்கும் நான்தான். நயினார் மைக்கில் சொன்னால் நடந்ததாகத்தான் அர்த்தம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு, அந்தப் பேச்சை வைத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. ஆனால் இந்தக் கதையை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று எனக்கே குழப்பம், ஏனென்றால் இன்றைக்கு எங்கள் ஊரில் மேற்கு எது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பக்கம் கையைக் காட்டுவார்கள், நான் எந்தப் பக்கம் காட்டுவேன் என்று எனக்கும் தெரியாது.

ஸ்டேடியம் வந்த வழியே கோணல் வழிதான். ஊருக்கு நட்டநடுவே, நாலு தெருவுக்கும் பொதுவாக, பழைய உப்புக் கிடங்கு ஒன்று பாழடைந்து கிடந்தது. அந்த இடத்தில் ஸ்டேடியம் கட்ட வேண்டும் என்று சேர்மனுக்கு ஒரு ஆசை. பைபாஸ் ஓரத்தில் கட்டினால் காக்காய்தான் வந்து பார்க்கும், ஊருக்குள் கட்டினால் கருவாடு வாங்க வந்தவனும் எட்டிப் பார்ப்பான் என்பார். அவருடைய மச்சினன் மகன் அமெரிக்காவில் இருக்கிறான், அவன் அங்கே ஒரு பெரிய ஊரின் நடுவில் கட்டியிருக்கிற ஸ்டேடியத்தின் பிளானைக் கலர் கலராக அனுப்பிவைத்தான். மரம், பலூன், ஐஸ்கிரீம் தின்கிற பிள்ளைகள் எல்லாம் வரைந்திருந்தது; அதையெல்லாம்விட, அந்தப் படத்தில் பழைய செங்கல் கிடங்கு ஒன்றை இடிக்காமல் அப்படியே ஸ்டேடியத்துக்கு ஒரு பக்கச் சுவராக வைத்துக் கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் சேர்மனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நம்ம கிடங்கு, அச்சு அசல் நம்ம கிடங்கு என்று எல்லாரிடமும் காட்டினார். நாங்களும் பார்த்தோம், ஆமாம் என்றோம். அது என்ன விளையாட்டுக்கான இடம் என்று ஒரு ஆத்மா கேட்கவில்லை, மைதானம் என்றால் கிரிக்கெட்தானே.

கிடங்கையும் அதே மாதிரி ஒரு பக்கச் சுவராக வைத்துக் கட்டி முடித்துத் திறப்பு விழா வைத்து, பக்கத்து ஊர் டீமையெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தபிறகுதான் தெரிந்தது, மைதானம் வட்டமாக இல்லை. இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் என்கிற உயரமான படிக்கட்டு இருக்கைகள் வந்து பின்னால் ஒரு மூலையில் சேருகின்றன, முன்னால் போகப்போக அகன்றுகொண்டே போய் வாய் திறந்து ஊரைப் பார்க்கிறது, அப்படியே முறம். ஒரு பக்கம் தட்டிவிட்டால் பந்து நாலு எட்டில் ஜனங்கள் மடியில் விழுகிறது, இன்னொரு பக்கம் அடித்தால் பஸ் ஸ்டாண்டுக்குள் ஓடி திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறிவிடுகிறது. அம்பயருக்கே தலை சுற்றியது. எங்கள் ஸ்கூல் பி.டி. வாத்தியார் எட்வின்தான் பிளானை வாங்கி மூக்குக்கு நேரே வைத்துப் பார்த்துவிட்டு, இது பேஸ்பால் என்கிற விளையாட்டுக்கான இடம் என்று கண்டுபிடித்துச் சொன்னார். மட்டையால் அடித்தவன் ஓட வேண்டும், மூன்று மூலையையும் தொட்டுவிட்டுக் கிளம்பின இடத்துக்கே வந்து சேர வேண்டும், சேர்ந்துவிட்டால் ஒரு ரன், எல்லாரும் எழுந்து நின்று கைதட்டுவார்கள் என்று விளக்கினார். முன்பக்கத்தைத் திறந்து போட்டிருப்பதும் வேண்டுமென்றேதான், உட்கார்ந்திருக்கிறவன் ஆட்டத்தையும் பார்க்கலாம், ஊரையும் பார்க்கலாம் என்றார்.

"கிளம்பின இடத்துக்கே வாறதுக்கு எதுக்கு சார் ஓடணும்? அங்கேயே நின்னுக்கிட்டா என்ன?" என்று பூரணத்தாய் கேட்டாள். எட்வின் வாத்தியார் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

ஆட்டம் தெரிந்தவன் ஊரில் ஒருத்தனும் இல்லை, ஆட்டத்துக்கு ஆளும் இல்லை. அதற்காக இவ்வளவு நாற்காலியைச் சும்மா விட முடியுமா? சாயங்காலமானால் கடல் காற்று நேரே வந்து முகத்தில் அடிக்கிறது என்று ஜனங்கள் வந்து உட்கார ஆரம்பித்தார்கள், உட்கார்ந்தால் எதிரே பஸ் ஸ்டாண்ட், அதில் யார் இறங்குகிறார்கள், யார் ஏறுகிறார்கள், யார் யாரோடு போகிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தார்கள். அப்படிப் பார்த்துப் பார்த்து பஸ் ஸ்டாண்ட் சலித்துப்போன சமயத்தில்தான் அந்த வெள்ளிக்கிழமை ஸ்டேடியம் மீன்கடைத் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டது. ஏன் திரும்பியது என்று விசாரிக்க சென்னையிலிருந்து இரண்டு என்ஜினீயர்கள் வந்து தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார்கள், ஆபீஸில் இருந்த பிளானை எடுத்துப் பார்த்தால் அதிலும் மீன்கடைத் தெருவைப் பார்த்துத்தான் போட்டிருந்தது, அப்புறம் ஊர்க்காரர்கள் நாங்கள்தான் முதலில் தப்பாகக் கட்டியிருக்கிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மீன் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு அது தன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. சில தெருவை ஒரு வாரம் பார்க்கும், சில தெருவை ஒரு பொழுது பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அந்தத் தெருக்காரர்களுக்கு அது பெரிய மனக்குறை. சேர்மன் என்னைக் கூப்பிட்டு, மைக் ரூம் ஒன்று அழகாகக் கட்டிச் சும்மா கிடக்கிறதே, ஏதாவது பேசும் என்றார். ஆட்டமில்லாத ஸ்டேடியத்தில் என்னத்தைப் பேச? எதிரே தெரிவதைப் பேசினேன். இதோ பள்ளிவாசல் தெரு சாகுல் பாய் பால் வாங்க வந்திருக்கிறார், பால்காரர் அளக்கிறார், நுரையோடு அளக்கிறார், பாய் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை என்று நான் சொன்னால் ஸ்டாண்டே எழுந்து நின்று கூச்சல் போடும். ஸ்டேடியம் எந்தத் தெருவைப் பார்க்கிறதோ அந்தத் தெருவில் வெள்ளையடிப்பார்கள், வாசலில் கோலம் பெரிதாகும், பெண்டுகள் தலைக்குப் பூ வைத்துக்கொண்டு குழாயடிக்கு வருவார்கள். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி இரண்டு பேர் ஊர் பார்க்கிறதே என்று ஒரே இலையில் சாப்பிட உட்கார்ந்து, சும்மா ஒப்புக்குத்தான் உட்கார்ந்தோம் என்பதை மறந்து நிஜமாகவே சேர்ந்துவிட்டார்கள். சில தெருக்களில் நாற்காலியைத் தூக்கி வாசலில் போட்டு, ஸ்டேடியத்தில் உட்கார்ந்திருப்பவர்களை அவர்கள் வேடிக்கை பார்த்தார்கள், அவர்கள் பார்க்கிறார்கள் என்று ஸ்டாண்டில் இருக்கிறவர்களும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். யார் ஆடுகிறார்கள், யார் பார்க்கிறார்கள் என்று எனக்கு மண்டை காய்ந்துபோகும். எட்வின் வாத்தியார் மட்டும் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஸ்கோர்போர்டில் கிடக்கிற சைபரைத் துடைத்துத் துடைத்து வைத்துவிட்டு, ஒரு ரன்னாவது விழாதா என்று உட்கார்ந்திருப்பார்.

விலாசமெல்லாம் நாறிப்போனது. ஸ்டேடியத்துக்கு எதிரே என்று பத்திரிகை அடித்த கல்யாணத்துக்குப் பாதிப் பேர் வேறு கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். ஸ்டேடியத்து லைட்டுகள் விடிய விடிய எரிந்தன, திரும்பித் திரும்பிப் படுத்ததில் சுவிட்ச் இருந்த சுவர் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான், ஸ்டாண்டில் சிரிப்பு கிளம்பினால் அது தனிச் சிரிப்பு, மூவாயிரம் பேர் ஒன்றாகச் சிரிப்பார்கள். மீன்கடைத் தெருவில் சைக்கிளில் வந்த ஒரு பெரிய மனுஷருக்கு வேட்டி அவிழ்ந்து விழுந்தது, ஸ்டாண்ட் சிரித்த சிரிப்பில் அவர் அன்றைக்கே பெட்டியைக் கட்டி மாமியார் ஊரோடு போய்விட்டார், இன்றைக்கு வரை திரும்பவில்லை.

இனிமேல்தான் லிங்கதுரை வருகிறான். அவன் கீழத்தெருக்காரன், சண்முகவடிவு புருஷன். அவனைப் பற்றி ஊருக்கு அப்போது தெரிந்தது ஒன்று, நடந்தது ஒன்று. நடந்ததை வடிவு பிற்பாடு என் வீட்டுக்காரியிடம் சொன்னாள், நான் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு மேல் இருக்கும், லிங்கதுரைக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. எங்கள் ஊரில் ஒருத்தன் வெளிநாடு போகிறான் என்றால் அது ஊர்ப் புறப்பாடு மாதிரி. முச்சந்தியில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள், அதில் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு லிங்கதுரை நிற்கிறான், தலைக்கு மேல் விமானம் பறக்கிறது, கீழே வாழ்த்துகிற தம்பிமார் பத்துப் பேர் தலை. சால்வை, மாலை, வெடி. நான் சும்மாவே வந்து மைக் கட்டினேன், சொந்தக்காரப் பையன் மாதிரி அவன். பெரியோர்களே, தாய்மார்களே, கீழத்தெரு மாடசாமி அவர்களின் மகன் லிங்கதுரை இன்று நம்மிடமிருந்து விடைபெற்று மஸ்கட் மாநகருக்குப் புறப்படுகிறார் என்று நான் சொன்னபோது வடிவு அழுதாள், ஊரே அழுதது, வேன் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போனது. அங்கே அவனை இறக்கிவிட்டு வேன் திரும்பிவிட்டது. கண்ணாடிக் கதவு தானாகத் திறந்திருக்கிறது, இவன் நின்றிருக்கிறான், கதவு மூடியிருக்கிறது, திரும்பவும் திறந்திருக்கிறது, இவனுக்குக் கால் எழும்பவில்லை. என்ன பயம் என்று கேட்டால் இன்றைக்கும் அவனுக்குச் சொல்லத் தெரியாது. விமானம் போனபிறகு பஸ் பிடித்து ஊருக்கு வந்து, இருட்டும்வரை உப்பளத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, கொல்லைப்புறச் சுவரேறிக் குதித்து வீட்டுக்குள் வந்துவிட்டான். வடிவு அவனுக்குச் சோறு போட்டுவிட்டு, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறாள். மறுநாள் முச்சந்தியில் ஃபிளெக்ஸ் அப்படியே நிற்கிறது. அதற்கு மறுநாளும் நிற்கிறது. அப்படியே நின்றுபோனது மூன்று வருஷம்.

உள்ரூமிலேயே இருந்தான். வடிவு தையல்காரி, ஊரில் பாதி ஜாக்கெட் அவள் தைத்ததுதான், ஒற்றை ஆளாக எப்படி இவ்வளவு தைக்கிறாள் என்று பெண்டுகள் அதிசயப்படுவார்கள். கொக்கி வைத்தது, காஜா எடுத்தது எல்லாம் அவன். சொந்தக்காரர்கள் போனில் பேசினால் உள்ரூமில் ஃபேனை வேகமாக வைத்துக்கொண்டு பேசுவான், அங்கே காற்று அப்படி என்பான். வருஷத்துக்கு இரண்டு தடவை வடிவு பக்கத்து ஊர் பஜாருக்குப் போய்ப் பேரீச்சம்பழம் வாங்கிவந்து, மஸ்கட்டிலிருந்து ஆள்மூலம் கொடுத்துவிட்டார் என்று தெருவுக்குக் கொடுப்பாள். வெளியே வருவது என்றால் இருட்டினபிறகு, கொல்லையில் இருக்கிற கக்கூஸுக்கும் குழாயடிக்கும் மட்டும். ஒருநாள் அவளிடம் சொல்லியிருக்கிறான், "ஊர் சிரிச்சா நான் உசுரோட இருக்க மாட்டேன் வடிவு." அவன் விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை. அதனால் அவளும் அந்தக் கதவைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்டேடியம் திரும்பி, கீழத்தெருவின் கொல்லைப்புறத்தைப் பார்த்துப் படுத்தது. அதிலும் சரியாக வடிவு வீட்டுக் கொல்லையை. விடிந்ததும் அவள் கதவைத் திறந்தால் மதிலுக்கு மேலே ஆகாசம் தெரிய வேண்டிய இடத்தில் படிப்படியாக நாற்காலி, நாற்காலி நிறைய ஆள், நடுவில் மைக் ரூமில் நான். நல்ல காலை வணக்கம், இன்று நம் பார்வைக்கு வந்திருப்பது சகோதரி சண்முகவடிவு இல்லம், வாழ்க என்றேன். கைதட்டல் எழுந்தது. அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள், கதவைச் சாத்தினாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டோம்.

பிறகு அவள் ஒரு வேலை செய்தாள், வீட்டில் இருந்த சேலையையெல்லாம், தைக்க வந்த துணியையெல்லாம் எடுத்துக் கொல்லை முழுக்கக் கொடி கட்டித் தொங்கவிட்டாள். ஜனங்களுக்கு ஒரே கொண்டாட்டம், தெரு கோலம் போட்டால் இவள் கொல்லைக்கே தோரணம் கட்டுகிறாள் என்று மெச்சினார்கள். ஆனால் கடல் காற்று அடிக்கிற ஊரில் சேலை எங்கே ஒரு இடத்தில் நிற்கும், ஒவ்வொரு தடவையும் பறந்து மேலே போகும், ஸ்டாண்டில் இருந்து பார்த்தால் குழாயடி, கக்கூஸ், துவைக்கிற கல், எல்லாம் பளிச்சென்று தெரியும். பகலில் ஆள், ராத்திரியில் லைட்டு, லைட்டு வெளிச்சத்தில் சீட்டாடுகிற ஆள். லிங்கதுரை வெளியே வர வழியே இல்லாமல் போனது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பங்குனி வெயில், ஜன்னலைத் திறந்தால் தெரிந்துவிடும் என்று சாத்தினபடி. அந்த ரூமில் ஒரு வாளியை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் பட்டது எதிராளிக்குக்கூட வேண்டாம்.

மற்ற தெருவெல்லாம் ஒரு வாரத்தில் அலுத்துப்போகிற ஸ்டேடியம் இந்தக் கொல்லையைப் பார்த்தபடி அசையாமல் கிடந்தது. பக்கத்துத் தெருக்காரர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள், அவர்கள் முறை எப்போது என்று. ஒருநாள் வடிவு மைக் ரூமுக்கே வந்தாள். கண் உள்ளே போயிருந்தது.

"அண்ணாச்சி, வேற தெருவப் பத்திப் பேசுங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்," என்றாள்.

கண்ணுக்குத் தெரிவதைத்தானம்மா நான் சொல்ல முடியும், இது திரும்பினால் நானும் திரும்பிவிடுவேன் என்று நான் வழவழவென்று ஏதோ சொன்னேன். என்னம்மா உடம்புக்கு என்று கேட்டேன், ஒன்றுமில்லை என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இறங்கிப்போனவள் வீட்டுக்குப் போகாமல், அந்தப் பழைய உப்புக் கிடங்குச் சுவர் இருக்கிறதே, எந்நேரமும் உப்புப் பூத்துக்கொண்டே இருக்கும், அதில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, நெற்றியை முட்டுக்கொடுத்து ரொம்ப நேரம் நின்றாள். பார்த்தது போதும், வேற பக்கம் திரும்பிக்கோ தாயே என்று கெஞ்சியிருக்கிறாள். எங்களுக்கு அது கேட்கவில்லை, கும்பிடுகிறாள் என்று தெரிந்தது. மறுநாள் பார்த்தால் சுவரில் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தது, செவ்வாய்க்கிழமைக்குள் விளக்கு வந்தது, பூரணத்தாய் தன் இட்லிக்கடையை விளக்குக்குப் பக்கத்தில் மாற்றிக்கொண்டாள். எங்கள் ஊர் அப்படி, ஒருத்தி அழுதால் என்ன ஏது என்று கேட்காது, ஆளுக்கு ஒரு கற்பூரம் கொண்டுவந்துவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறிச்சோறு தின்றுவிட்டு ஸ்டாண்டில் எள்ளுப் போட்டால் விழாத கூட்டம். வெயிலென்றால் அப்படி ஒரு வெயில். காற்றுகூட நின்றுபோய் சேலையெல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது. நான் மைக்கில் ஏதோ அவள் கொல்லையில் மேய்கிற கோழியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே லிங்கதுரைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், வடிவு அடுப்படியில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், அவன் எழுந்து வாளியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டான்.

கைலி மட்டும் கட்டியிருந்தான். மார்பு வரைக்கும் தாடி, உடம்பு வெயில் படாத வெள்ளை. சேலைகளை ஒதுக்கிக்கொண்டு குழாயடிக்கு வந்தான், குத்தவைத்து உட்கார்ந்தான், தண்ணீர் பிடித்துத் தலையில் ஊற்றினான், திரும்பவும் பிடித்து ஊற்றினான். திருடன் என்றுதான் முதலில் எல்லாரும் நினைத்திருப்பார்கள், திருடன் எங்காவது வந்து தலைக்கு ஊற்றுவானா. தலையைத் துவட்டக் கையைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான் பாருங்கள், முச்சந்தி ஃபிளெக்ஸில் மூன்று வருஷமாகப் பார்க்கிற முகம், வெளுத்துக் கிழிந்த பிறகும் அங்கேதான் நிற்கிறது, அதே முகம். மூவாயிரம் பேரும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தது எனக்கு மைக்கில் கேட்டது.

அடுப்படி வாசலில் வடிவு கரண்டியோடு நின்றாள். அவளைப் பார்த்தேன். அவள் அவனைப் பார்க்கவில்லை, ஸ்டாண்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். எனக்கு அந்த ஒரு பார்வையில் எல்லாம் விளங்கியது, பேரீச்சம்பழம், ஃபேன் காற்று, கொக்கி வைத்த ஜாக்கெட், மைக் ரூம் வாசலில் அவள் நின்றது எல்லாம். விளங்கினதும் இன்னும் குழப்பமாகப் போனது, ஏனென்றால் எங்கோ மேல் வரிசையில் ஒருத்தன் களுக்கென்று சிரிப்பை அடக்குவது கேட்டது. அவன் விட்டால் போதும், அந்தச் சிரிப்பு படி இறங்கி வந்துவிடும். லிங்கதுரை வாளியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, அடி வாங்கக் காத்திருப்பவன் மாதிரி நின்றான். ஸ்டாண்டில் அத்தனை தலையும் மைக் ரூம் பக்கம் திரும்பியது. நான் என்ன சொல்கிறேனோ அதுதான் நடந்தது என்று அவர்களுக்குப் பழக்கம்.

யோசித்துச் சொன்னதில்லை, சத்தியமாக. வாய் தானாகப் போன வழிக்குப் போனது.

"பெரியோர்களே, தாய்மார்களே. கீழத்தெரு மாடசாமி அவர்களின் மகன் லிங்கதுரை மஸ்கட் மாநகரிலிருந்து சற்று முன்பாக நமது ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறார் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

கைலியோடு, ஈரத் தலையோடு, கொல்லைப்புறத்தில் நிற்கிற ஆளை மூவாயிரம் பேரும் பார்த்தார்கள். பையில்லை, பெட்டியில்லை, காலில் செருப்புகூட இல்லை. எவ்வளவு நேரம் பார்த்தார்களோ எனக்குத் தெரியாது, அந்தக் கோழி குழாயடியில் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டது. அப்போது எட்வின் வாத்தியார் எழுந்து நின்று நீளமாக ஒரு விசில் கொடுத்தார். ஏணியில் ஏறினார். ஸ்கோர்போர்டில் இருந்த சைபரை எடுத்துவிட்டு ஒன்றை மாட்டினார்.

பிறகு எழுந்த கைதட்டலை நான் என் சர்வீஸில் கேட்டதில்லை. ஜனங்கள் படியிறங்கி மதிலேறிக் குதித்து ஓடினார்கள், ஒருத்தர் சோடா உடைத்தார், ஒருத்தர் கிடங்குச் சுவரில் கிடந்த மாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார், இளைச்சிட்டியே, அங்க சாப்பாடு சரியில்லியோ என்று ஒருத்தி கன்னத்தைத் தடவினாள். பிளைட் எத்தனை மணிக்கு இறங்கியது என்று சேர்மன் கேட்டார். கொல்லை வழியா வந்ததும் நல்லதாப் போச்சு, முன்பக்கம் ரோடு தோண்டிப் போட்டிருக்கான் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அவ்வளவு கூட்டத்தையும் விலக்கிக்கொண்டு வடிவு வந்தாள், கரண்டி கையிலேயே இருந்தது, அவனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"என்னங்க, பெட்டியெல்லாம் பின்னால வருதா?" என்று கேட்டாள்.

அவன் அவளைப் பார்த்தான். "வருது வடிவு," என்றான். அப்புறம்தான் அழுதான், ஊரும் அழுதது, நான் மைக்கை அணைக்க மறந்து அழுதது கடற்கரை வரைக்கும் கேட்டதாம்.

அன்றைக்குச் சாயங்காலம் வடிவு வீட்டில் பேரீச்சம்பழம் கொடுத்தார்கள். பாக்கெட்டில் பக்கத்து ஊர் பஜார்க் கடையின் பெயர் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது, வாங்கினவர்கள் எல்லாரும் கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லிக்கொண்டார்கள். மறுநாள் விடிந்து பார்த்தால் ஸ்டேடியம் கடலைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தது, அதற்கப்புறம் அசையவே இல்லை. எங்களை விட்டால் போதும் என்று அதற்கே ஆகிவிட்டதோ என்னவோ. இப்போதும் சாயங்காலத்தில் போய் உட்காருவோம், எதிரே ஒன்றும் இல்லை, தண்ணீர்தான், ஸ்கோர்போர்டில் அந்த ஒன்று அப்படியே இருக்கிறது. வெளியூர்க்காரன் யாராவது வந்து அது எந்த ஆட்டத்தில் விழுந்த ரன் என்று கேட்டால் எட்வின் வாத்தியார் உள்ளூர் ஆட்டம் என்பார்.

ஒரு வாரம் கழித்துப் பூரணத்தாய் கடையில் லிங்கதுரையைப் பார்த்தேன். தாடி எடுத்திருந்தான், வடிவு தைத்த புதுச் சட்டை. பூரணத்தாய் இட்லியை எடுத்து வைத்துக்கொண்டே, அந்த ஊர் எப்படிய்யா இருந்துச்சு என்று கேட்டாள். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் இட்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சின்ன ரூமு அத்தை," என்றான். "ஜன்னலத் தொறக்க முடியாது. பேச ஆளு கிடையாது. எப்ப ஊருக்கு வருவோம்னுதான் இருந்துச்சு."

அங்கே எல்லாம் அப்படித்தான் வைத்திருப்பார்களாம், பாவம் என்று பூரணத்தாய் இரண்டு இட்லி கூடுதலாக வைத்தாள். அவன் சாப்பிட்டு முடித்துக் கைகழுவிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, உங்க மைக் சத்தம் மட்டும் அங்க வரைக்கும் கேட்டுச்சு," என்றான்.

எனக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"கேக்கும்டே," என்றேன். "நம்ம ஆம்ப்ளிஃபயர் நல்ல ஆம்ப்ளிஃபயர்லா."